வழியில் நின்றுபோன சேலை



ஐப்பசி அடைமழையில் ஒரு நாள், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். மாமனார் தறியில் இருந்தார். மருமகள் கூடத்தில் வெள்ளை வேட்டியை விரித்து, அதன்மேல் ஒரு பட்டுச் சேலையைப் பார்சலுக்கு மடித்துக்கொண்டிருந்தார். வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் படம் போட்டு விற்பது அவர் பொறுப்பு. மாமனாரும் அதே தெருவில் இன்னும் சில தறிக்காரர்களும் நெய்து தருவதை அவர் ஊர் ஊராக அனுப்புகிறார்.

அவர் கட்டிய விதத்தைச் சொல்கிறேன். சரிகை உள்பக்கம் வரும்படி மடிப்பு. அதைச் சுற்றி மல் துணி. மேலே தண்ணீர் புகாத உறை. பிறகு அட்டைப்பெட்டி. பெட்டியை மூடுவதற்கு முன் ஒரு துண்டுச் சீட்டில் வாங்குபவரின் பெயர், முகவரி, போன் நம்பர், அதற்குக் கீழே தன்னுடைய முகவரி, எல்லாம் பால்பாயின்ட் பேனாவில் எழுதிச் சேலையின் மடிப்புக்குள் செருகினார். "மேல ஒட்டினது மழையில போனாலும் உள்ள ஒண்ணு இருக்கும் சார்" என்றார். பெட்டியைத் தராசில் வைத்தார். எடையும் பெட்டியும் சேர்ந்து தெரியும்படி ஒரு படம். பக்கத்தில் ஒரு நீள நோட்டு. அதில் தேதி, எடை, ரசீது எண்.

இவ்வளவு கவனம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். இரண்டு வருஷத்துக்கு முந்தைய கதையைச் சொன்னார்.

கோயம்புத்தூரில் ஒரு கல்யாணம். முகூர்த்தச் சேலை, மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை. இருபது நாள் முன்பாகவே ஒரு கூரியரில் போட்டுவிட்டார். மூன்றாம் நாள் ஏதோ ஒரு ஹப்பில் ஸ்கேன் ஆனதாகக் காட்டியது. அதோடு சரி. நான்காம் நாள், ஐந்தாம் நாள், அதே வரி. கஸ்டமர் கேரில் கேட்டால் "வந்துடும் மேடம்" என்ற ஒரே பதில். அது அவர் வயிற்றில் புளியைக் கரைத்தது. ஐந்தாம் நாள் சாயந்திரம், பெண்ணின் அம்மா கேட்பதற்கு முன் தானே போன் போட்டார்.

"அம்மா, நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். பார்சல் வழியில நின்னுபோச்சு. தேடிக்கிட்டிருக்கேன். முகூர்த்தத்துக்கு ஆறு நாள் முன்னாடி வரைக்கும் பாப்போம். வரலைன்னா எங்க வீட்டுக்காரர் வேற சேலையோட நேர்லயே வந்துடுவார். பொண்ணு கட்டாம இருக்க விடமாட்டோம்மா."

அந்த அம்மா முதலில் கோபப்பட்டாராம். அடுத்த நாள் அவரே கூப்பிட்டு, "நீ சொன்னதே தைரியமா இருக்கும்மா" என்றாராம். சொன்ன நாள் வரை சேலை வரவில்லை. கணவர் இரண்டு சேலைகளை எடுத்துக்கொண்டு ராத்திரி பஸ் ஏறினார். பெண் அதில் ஒன்றைக் கட்டித்தான் மணையில் உட்கார்ந்தாள்.

நம் வாசகர்களில் வீட்டிலிருந்தே விற்பவர்கள் நிறையப் பேர். சேலை, ஊறுகாய், பூஜைச் சாமான், கைவேலை நகை என்று எத்தனையோ. "பார்சல் போய்ச் சேரவில்லை, வாங்கியவர் ஏமாற்றுக்காரி என்கிறார், தூக்கம் போய்விட்டது" என்று எழுதுகிறவர்களும் உண்டு. அவர்களுக்காகத்தான் இந்த மாதம் இந்தப் பக்கம்.

காஞ்சிப் பட்டு தொலைந்தால் "இன்னொன்று அனுப்புங்கள்" என்பது லேசில் நடக்காது. கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வேறு வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். ஒரு கரையின் நாடாவைத் தள்ளிக் கொடுக்கப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். நெய்து முடிக்கப் பத்துப் பதினைந்து நாள், வேலைப்பாடு கூடினால் அதற்கும் மேல். பாவு தீர்ந்துவிட்டால் புதிதாகச் சாயம் போட வேண்டும். சாயம் போன தடவை போலவே விழும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. 2005-லிருந்து புவிசார் குறியீடு பெற்ற பொருள் இது. அந்தக் குறியீடு காப்பாற்றுவது பெயரை. பெட்டியை நாம்தான் காப்பாற்ற வேண்டும்.

பார்சல் தொலைவது நடுவழியில் என்று நாம் நினைக்கிறோம். அதன் கதி பெரும்பாலும் கவுன்ட்டரிலேயே, நாம் அவசரமாகக் கையெழுத்துப் போடும் அந்தச் சீட்டிலேயே முடிவாகிவிடுகிறது என்பது என் எண்ணம். இதற்கு உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு ஒன்று இருக்கிறது. 1990 மே மாதம் பாரதி நிட்டிங் கம்பெனி என்ற நிறுவனம், ஜெர்மனிக்கு அனுப்பிய கோடைக்கால ஆடைகளுக்கான ஆவணங்களை டி.எச்.எல். கூரியரில் போட்டது. உறை போய்ச் சேரவில்லை. நகல்களை அனுப்பிச் சரக்கை எடுப்பதற்குள் சீசன் முடிந்துவிட்டது. வாங்கியவர் விலையைக் குறைத்தே கொடுத்தார். நஷ்டம் முழுவதையும் கேட்டு வழக்கு நடந்தது. 1996 மே மாதம் தீர்ப்பு வந்தது. கூரியர் சீட்டில் பொறுப்பு 100 டாலர் வரைதான் என்று அச்சாகியிருந்தது, அதில் கையெழுத்தும் இருந்தது, ஆகவே 100 டாலர்தான் என்றது நீதிமன்றம். முப்பது வருஷமாகியும் அந்தப் பொடி எழுத்தைப் படிக்காமல்தான் நாம் இன்னும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

உள்நாட்டில் சாலை வழியாகப் போகும் சரக்குக்கு 2007-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. கூரியர்காரர்களும் அதில் அடக்கம். மதிப்பைச் சொல்லி, அதற்கான கூடுதல் கட்டணத்தைக் கட்டாதவருக்கு அதன் விதிகள் தருவது கட்டணத்தைப் போல் பத்து மடங்கு வரைதான். 28,000 ரூபாய்ச் சேலையை 150 ரூபாய் கட்டி அனுப்பினால் கிடைக்கக்கூடியது 1,500. தபாலில் இன்னும் குறைவு. ஸ்பீட் போஸ்டில் தொலைந்தால் கட்டணத்தின் இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இதில் எது குறைவோ அது என்பதுதான் நெடுநாள் விதி. 1898-ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2024 ஜூன் 18 முதல் புதிய அஞ்சலகச் சட்டம் வந்திருக்கிறது. அதிலும் விதித்த அளவுக்கு மேல் தபால் துறைக்குப் பொறுப்பில்லை. இன்ஷூரன்ஸ் செய்ய ஆகும் சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்காதீர்கள். சேலையின் விலையிலேயே அதைச் சேர்த்துவிடுங்கள். வாங்குபவரிடம் அதை வெளிப்படையாகச் சொல்லவும் செய்யுங்கள். யாரும் முகம் சுளிப்பதில்லை.

இன்னொன்று. 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு, பொருளின் தன்மைக்குத் தக்கபடி ஏற்பாடு செய்து அனுப்ப வேண்டியது விற்பவரின் கடமை என்கிறது. அப்படிச் செய்யாமல் வழியில் தொலைந்தால், கூரியரிடம் கொடுத்ததையே தனக்குக் கொடுத்ததாக ஏற்க வாங்கியவர் மறுக்கலாம். "நான் அனுப்பிவிட்டேன், இனி கூரியர்காரனைக் கேளுங்கள்" என்று சொல்லும் நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். பணம் வாங்கியது நாம். கூரியரைத் தேர்ந்தெடுத்ததும் நாம்.

தாமதம் எல்லாம் தொலைந்ததாகாது. சென்னையில் ஒரு வீட்டுக்குப் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று. ஒன்றை மட்டும் எழுதினால் கூரியர் பையன் தெருவையே இரண்டு முறை சுற்றுவான். பின்கோடின் தொடக்கத்தில் ஒரு எண் மாறினால் பெட்டி வேறு மாவட்டத்துக்கே போய்விடும், ஏனென்றால் முதல் மூன்று எண்ணை வைத்துத்தான் எந்தப் பக்கம் பிரிப்பது என்று முடிவாகிறது. காஞ்சியிலிருந்து அனுப்புகிறவர்களுக்குக் கோயில் நாள்காட்டியும் தெரிந்திருக்க வேண்டும். வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவை நாளில் ராஜ வீதிகளில் வண்டி நகராது. 2019-இல் அத்திவரதர் எழுந்தருளிய 48 நாளும், ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, ஊருக்குள் நுழைவதே பெரும்பாடாக இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை முடக்கியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மழைக்கால முகூர்த்தத்துக்கு ஆர்டர் எடுக்கும்போதே ஒரு வாரம் கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

சில தாமதங்கள் நம் கைக்கே எட்டாதவை. 800 டாலருக்கு உட்பட்ட பார்சல்களுக்கு இருந்த சுங்க விலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் அமெரிக்கா எடுத்துவிட்டது. அதையொட்டி ஆகஸ்ட் 25-இல் நம் தபால் துறை அங்கே போகும் பார்சல்களை நிறுத்தியது. மறுபடி தொடங்கியது அக்டோபர் 15-இல். தீபாவளி அக்டோபர் 20. நியூஜெர்சியிலும் டெக்சஸிலும் இருக்கும் மகளுக்கும் மருமகளுக்கும் தீபாவளிச் சேலை அனுப்பக் காத்திருந்தவர்களுக்குக் கையில் இருந்தது ஐந்தே நாள். அந்தச் சமயத்தில் முன்கூட்டியே சொல்லி, "பொங்கலுக்கு அனுப்பட்டுமா, பணத்தைத் திருப்பிவிடட்டுமா?" என்று கேட்டவர்களை வாங்கியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பார்சல் நின்றுவிட்டது என்று தெரிந்த அன்றே எழுத்தில் புகார் கொடுங்கள். போனில் பேசியது நாளைக்கு நிற்காது; மின்னஞ்சல் நிற்கும். ரசீது, எடை, பெட்டியின் படம், சேலையின் படம், பில் எல்லாம் அதிலேயே இருக்கட்டும். தபாலில் அனுப்பியிருந்தால் 1800 266 6868-இல் புகார் எண் வாங்கலாம். கூரியரானால் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்துப்பூர்வமான நோட்டீஸ் போக வேண்டும். அது தவறினால் பிறகு வழக்கே போட முடியாது. வெளிநாட்டுத் தபாலுக்கு விசாரணை கேட்க ஆறு மாதம். "டெலிவர்டு" என்று காட்டியும் கைக்கு வரவில்லை என்றால், யார் கையெழுத்து, எந்த நேரம், படம் உண்டா என்று அன்றைக்கே கேளுங்கள். 2025 அக்டோபர் முதல் ஸ்பீட் போஸ்டில் ஐந்து ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் சேர்த்துக் கட்டினால் ஓ.டி.பி. சொன்ன பிறகே கொடுப்பார்கள். பட்டுச் சேலைக்கு அதைக் கட்டாயம் கட்டுங்கள்.

பதற்றத்தில் இருக்கிறவர்களைக் குறிவைக்கும் கூட்டமும் ஒன்று உண்டு. "முகவரி சரியில்லை, பார்சல் நிற்கிறது, இந்த லிங்க்கில் சிறு தொகை கட்டுங்கள்" என்று குறுஞ்செய்தி வரும். கூகுளில் தேடினால் கஸ்டமர் கேர் என்ற பெயரில் திருடர்களின் எண்ணே முதலில் வந்து நிற்கும். ரசீதில் அச்சான எண்ணைத் தவிர வேறெதையும் அழைக்காதீர்கள். வாங்குபவரிடமும் சொல்லிவையுங்கள், அவருக்கும்தான் அந்தச் செய்தி போகும்.

பிள்ளையார்பாளையத்து வீட்டுக்குத் திரும்புகிறேன். அந்தக் கதையில் என் மனசைத் தொட்ட இடத்தை இன்னும் சொல்லவில்லை. பார்சல் காணாமல் போன அந்த வாரச் சனிக்கிழமை, சேலையை நெய்த எதிர்வீட்டுத் தறிக்காரருக்கு முழுக் கூலியும் போயிருக்கிறது. "பார்சல் என்னாச்சும்மா?" என்று அவர் தயங்கியபடி கேட்டாராம். "அது என் கணக்கு பெரியப்பா, உங்க கணக்கு முடிஞ்சது" என்று சொல்லி மருமகள் பணத்தை அவர் கையில் வைத்திருக்கிறார். மருமகளிடம் அப்போது வேறு பணம் இல்லை. சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்ததாகப் பிறகு அவர் மாமியார் சொன்னார். பார்சல் வரவில்லை, பணம் வரவில்லை என்று காரணம் சொல்லிக் கூலியை நிறுத்திவைப்பது எளிது. பதினைந்து நாள் குழித்தறியில் உட்கார்ந்தவருக்கு ஹப்பும் தெரியாது, ஸ்கேனும் தெரியாது. அவர் வேலை சேலையைத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்ததோடு முடிந்துவிட்டது. கூலியை நிறுத்திவைக்காதீர்கள்; விற்கிற நம் எல்லோரிடமும் நான் கைகூப்பிக் கேட்பது இந்த ஒன்றைத்தான்.

கல்யாணம் முடிந்து பதினோராம் நாள் அந்தப் பெட்டி திரும்பி வந்தது. மேலே ஒட்டியிருந்த முகவரி மழையில் ஊறி உரிந்துபோய், பெயரில்லாத பெட்டிகளோடு எங்கோ ஒரு மூலையில் கிடந்திருக்கிறது. எடையையும், வாங்கியவருக்கு அனுப்ப எடுத்த சேலைப் படத்தையும் அவர் திரும்பத் திரும்ப மின்னஞ்சலில் அனுப்பியதால் யாரோ ஒரு ஊழியர் பொறுமையாக ஒத்துப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார். அந்த ஊழியருக்கு நன்றி சொல்ல எவ்வளவோ முயன்றும் பெயர் கிடைக்கவில்லை என்பது மருமகளுக்கு இன்னும் குறை.

"அந்தச் சேலையை வித்துட்டீங்களா?" என்று கேட்டேன். இல்லை என்று சொல்லி பீரோவைத் திறந்தார். மாம்பழ மஞ்சள், ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. உறை காப்பாற்றியிருக்கிறது. பட்டை ஒரே மடிப்பில் ரொம்ப நாள் வைத்தால் சரிகை அந்த இடத்தில் விட்டுப்போகும் என்று சொல்லிக்கொண்டே வேட்டியின் மேல் விரித்தார். மாமனார் தறியிலிருந்து எழுந்து வந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். இருவருமாக மடிப்பை மாற்றி மடித்தார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்