நோய் பிறப்பில் இல்லை, பதுங்குகுழியில் இருக்கிறது

எல்லையில் நிற்கும்வரை ‘ஜவான்’. மனம் உடைந்து ஊர் திரும்பினால் ‘குடிகாரன்’, ‘கிறுக்கன்’. என் தெருவிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். ஊர் அவரைப் பற்றிச் சொல்லும் கதை இருக்கட்டும். ராணுவ மருத்துவ வாரியம் எழுதும் கதையைத்தான் நான் ஆய்வுக்காகத் தீர்ப்பு தீர்ப்பாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

மனநோயோடு வெளியேற்றப்படும் சிப்பாயின் கோப்பில் திரும்பத் திரும்ப வரும் வாசகம் இது: பணியால் வந்ததுமல்ல, பணியால் முற்றியதுமல்ல. காரணம்? ‘கான்ஸ்டிட்யூஷனல் டிஸ்ஆர்டர்’. அதாவது உடம்போடு பிறந்த கோளாறு. (அரசமைப்புச் சட்டத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இதே சொல்தான். சிரிப்பதா அழுவதா?) இப்படி எழுதிவிட்டால் இயலாமை ஓய்வூதியம் கிடையாது.

சேர்க்கும்போது தலை முதல் கால்வரை சோதித்து ‘தகுதி’ என்று முத்திரை குத்தியதும் இதே ராணுவ மருத்துவர்கள்தானே? 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: சேரும்போது நோய் பதிவாகவில்லை என்றால் அது பணியில் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லையென்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது. அதற்குப் பிறகும் சிப்பாய்கள் ராணுவத் தீர்ப்பாயத்துக்கு அலைகிறார்கள். அங்கே வென்றாலும் அரசு மேல்முறையீட்டுக்குப் போகிறது. நிலபுலம் உள்ள வீட்டுப் பிள்ளை வழக்காடுவான். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை கோப்பை மடித்து டிரங்குப் பெட்டிக்குள் வைப்பான்.

பிறப்பைக் காட்டித் தள்ளிவைப்பது நமக்கென்ன புதிதா? ‘போர்க்குடி அல்ல’ என்று சொல்லித்தான் 1890களில் மகர்களைப் படையில் சேர்ப்பதை வெள்ளையர் நிறுத்தினார்கள். அம்பேத்கரின் தந்தை அதே படையில் சுபேதாராக இருந்தவர். மகர் ரெஜிமெண்ட் உருவாக 1941 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2022இல் வந்த அக்னிபத் இன்னும் மோசம். நான்கு ஆண்டுகள் கழித்து நூற்றுக்கு 75 பேர் வெளியே. ஓய்வூதியம் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதி இல்லை, அவர்களுக்கான மருத்துவத் திட்டமும் இல்லை. முன்பு விண்ணப்பத்தை மறுத்தார்கள். இப்போது விண்ணப்பிக்கவே வழியில்லை. போர்க்கள அதிர்ச்சியோ பல மாதம், சில ஆண்டுகள் கழித்துக்கூடத் தலைகாட்டும். 22 வயதில் வீடு திரும்பியவனுக்கு 25இல் தூக்கம் போனால் எந்தக் கதவைத் தட்டுவான்?

இதைக் கேட்டால், ‘ராணுவத்திலும் சாதியா?’ என்று நண்பர்களே முகம் சுளிக்கிறார்கள். ஜாட் ரெஜிமெண்ட், ராஜ்புத் ரெஜிமெண்ட் என்று படைப்பிரிவுக்குச் சாதிப் பெயர் வைக்கலாமாம். ஓய்வூதியம் மறுக்கப்பட்டவர்களைச் சாதிவாரியாக எண்ணக் கூடாதாம்!

2017 மனநலச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, சாதிப் பாகுபாடில்லாத சிகிச்சையை உரிமையாக்குகிறது. பாகுபாடு இல்லை என்று அரசு சொல்லுமானால் கணக்கைக் காட்டட்டும். மனநோய்க்காக மறுக்கப்பட்ட விண்ணப்பங்கள் எத்தனை, எந்தச் சாதி, எந்தப் பதவி என்று ஆண்டுதோறும் வெளியிடட்டும். அக்னிவீரர்களையும் மருத்துவத் திட்டத்தில் சேர்க்கட்டும். வாரியத்தின் படிவத்திலிருந்து அந்தப் ‘பிறவிக் கோளாறு’ முதலில் ஒழியட்டும்.