முனைவர் பட்டத்துக்குப் பிறகு எங்கே? நிறுவனங்கள் கணக்குச் சொல்ல வேண்டும்

ஆய்வு மாணவர்களும் முனைவர் பட்டம் முடித்த இளம் விஞ்ஞானிகளும் சேர்ந்து நடத்தும் எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு இது: ஆராய்ச்சிப் படிப்பில் மாணவரைச் சேர்க்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஆய்வகமும், தன்னிடம் பட்டம் பெற்றவர்கள் இப்போது என்ன வேலையில் இருக்கிறார்கள் என்ற விவரத்தைப் பெயர் குறிப்பிடாமல் துறைவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பட்டம் கொடுத்ததோடு தன் வேலை முடிந்தது என்று கைகழுவக் கூடாது.

என்ஐஆர்எஃப் என்ற தேசியத் தரவரிசைக்காகக் கல்வி நிறுவனங்கள் அனுப்பும் விவரங்களைப் பாருங்கள். இளநிலை, முதுநிலை மாணவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் உண்டு. முனைவர் படிப்பென்றால், படிப்பவர் எத்தனை, முடித்தவர் எத்தனை என்பதோடு சரி. முடித்தவர்களின் எண்ணிக்கை நிறுவனத்துக்கு மதிப்பெண் சேர்க்கிறது. அவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. இது அநியாயம்.

இதற்கு விலை கொடுப்பவர் மாணவர். 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வாளருக்கான ஜேஆர்எஃப் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாயாகவும் முதுநிலை ஆய்வாளருக்கான எஸ்ஆர்எஃப் 42,000 ரூபாயாகவும் உயர்ந்தது, வரவேற்கிறோம். ஆனால் அது ஐந்து ஆண்டுகளோடு நின்றுவிடும். அதற்குப் பிறகும் ஆய்வேட்டைச் சமர்ப்பித்து, வெளித் தேர்வாளர் அறிக்கைக்குக் காத்திருந்து, வாய்மொழித் தேர்வை முடிக்க வேண்டியவர்கள் பலர். அந்த மாதங்களில் கையில் காசு இல்லை, வயதும் ஓடுகிறது. சிஎஸ்ஐஆர் ஆய்வகங்களில் விஞ்ஞானிப் பணிக்குப் பொதுப் பிரிவினரின் வயது வரம்பு வழக்கமாக 32. இருபத்தைந்தில் சேர்ந்து ஆறேழு ஆண்டுகளில் முடித்தவருக்கு அந்தக் கதவு ஏறக்குறைய மூடிவிடுகிறது.

கல்லூரி வேலை இருக்கிறதே என்பார்கள். உதவிப் பேராசிரியர் நேரடி நியமனத்துக்கு நெட், செட், ஸ்லெட் ஆகிய தகுதித் தேர்வுகளில் ஒன்றைக் குறைந்தபட்சத் தகுதியாக்கி, முனைவர் பட்டம் கட்டாயமில்லை என்று 2023 ஜூலையில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அறிவித்தது. அதை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் முனைவர் பட்டத்தோடு கௌரவ விரிவுரையாளர்களாக ஆண்டுக்கணக்கில் தொகுப்பூதியத்தில் இருப்பவர்களைத் தெரிந்த எவரும், இந்த ஒரு வழியை மட்டும் நம்பி மாணவரை அனுப்ப மாட்டார்கள்.

மருந்து உற்பத்தி, காப்புரிமை, தரவுப் பகுப்பாய்வு, மருத்துவப் பரிசோதனை மேலாண்மை என்று வெளியே வழிகள் இருக்கின்றன. அங்கே போகத்தான் யாரும் பழக்குவதில்லை. எங்களிடம் வரும் வேலை விண்ணப்பங்களில் கருத்தரங்குக் கட்டுரைகளின் பட்டியலே பல பக்கம் நீள்கிறது. பழுதான எச்பிஎல்சி கருவியைத் தானே பிரித்துச் சரிசெய்தது, ஒப்பந்தப்புள்ளி கோரி வேதிப்பொருள் வாங்கியது, எம்.எஸ்சி. மாணவர்களுக்குச் செய்முறை சொல்லிக்கொடுத்தது எதுவும் அதில் இருக்காது. நிறுவனங்கள் தேடுவதோ இவற்றைத்தான். சொல்ல ஆளில்லாததால் நல்ல ஆய்வாளர்கள் முதல் சுற்றிலேயே கழிக்கப்படுகிறார்கள்.

பல்கலைக்கழகம் வேலைவாய்ப்பு அலுவலகம் இல்லை என்ற வாதத்தைக் கேட்டிருக்கிறோம். அறிவைத் தேடுவதே ஆராய்ச்சியின் நோக்கம் என்பதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் ஒருவரின் இருபதுகளை முழுவதுமாக வாங்கிக்கொள்ளும் நிறுவனம், சேரும்போதே உண்மை நிலவரத்தைச் சொல்லக் கடமைப்பட்டது.

ஆகவே, முனைவர்களின் பணி விவரத்தையும் என்ஐஆர்எஃப் கணக்கில் சேர்க்க வேண்டும். வாய்மொழித் தேர்வு நாள்வரை உதவித்தொகை தொடர வேண்டும். வளாக வேலைவாய்ப்புப் பிரிவு ஆய்வு மாணவருக்கும் திறந்திருக்க வேண்டும். தொழில் நிறுவனத்தில் சில மாதம் பயிற்சி பெற விரும்பும் மாணவரை, உதவித்தொகையைப் பிடிக்காமல் அனுமதிக்க வேண்டும். வெளிவேலைக்குப் போகிறார் என்பதற்காகப் பரிந்துரைக் கடிதத்தைத் தாமதிக்கும் வழக்கத்தை நெறியாளர்கள் கைவிட வேண்டும்.

இந்த ஆண்டு ஆராய்ச்சியில் சேர இருக்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: கையெழுத்துப் போடுமுன், அந்த நெறியாளரிடம் கடைசியாகப் பட்டம் பெற்ற ஐந்து பேர் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் அவர்களில் இருவரிடமாவது பேசிவிட்டுச் சேருங்கள்.