எண்ணூர் நீருக்கு யார் சாட்சி?

மலையேறுவோரும் பாய்மரப் படகோட்டிகளும் தாம் சென்ற இடங்களிலெல்லாம் ஒரு குப்பி நீரை முகந்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியதன் பயனாக, கரையிலிருந்து வெகுதொலைவில் உள்ள கடற்பரப்புகளிலும் 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த நுண்நெகிழித் துகள்களும் துணியிழைகளும் மிதப்பது உறுதிப்பட்டது. அமெரிக்காவின் மான்டானா மாகாணத்து 'அட்வென்சர் சயன்டிஸ்ட்ஸ்' என்ற அமைப்பு 2013 முதல் சில ஆண்டுகள் நடத்திய இம்முயற்சிக்கு நீர் திரட்டித் தந்தவர்கள் விருப்பத்தால் முன்வந்த சாதாரண மக்கள்.

அவ்வாறிருக்க, ஜீவனத்துக்காகவே நாள்தோறும் கடலுக்குச் செல்லும் வடசென்னைக் காசிமேட்டு மீனவரையும், கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தின் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் எண்ணூர்க் குப்பத்து மக்களையும் இப்பணிக்கு அழைக்க நம் அரசு ஏன் தயங்கவேண்டும்? 2017 ஜனவரி 28-இல் எண்ணூர்த் துறைமுகத்துக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையொதுங்கியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி ஆலைப்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியே முகத்துவாரத்தில் படர்ந்தபோதும், வாளிகொண்டு அதை அள்ளியவர்களுள் இவர்களும் இருந்தனர். எண்ணெயாவது வலையையும் உடலையும் கறுப்பாக்கித் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடுகிறது. நுண்நெகிழியோ பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படாமல் மீனின் குடலுக்குள் புகுந்துவிடுவதால், இடமும் நேரமும் ஓதநிலையும் குறித்துவைத்த குப்பி நீரன்றி அதற்கு எளிதில் கிடைக்கும் வேறு சாட்சியம் இல்லை.

அந்தச் சாட்சியத்துக்குத்தான் நம் நாட்டில் அந்தஸ்து இல்லை. 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, ஆலைக் கழிவுநீரின் மாதிரியை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அதிகாரி அவ்விடத்திலேயே அறிவிப்புத் தந்து, இரு பகுதியாக்கி, முத்திரையிட்டு அனுப்பினாலன்றி அதன் ஆய்வு முடிவை நீதிமன்றம் ஏற்கலாகாது என்கிறது. அபாண்டமான குற்றச்சாட்டுகளைத் தடுக்க இந்நிபந்தனை அவசியமே. ஆயினும், அதிகாரி வந்துசேர்வதற்குள் ஓதமும் வாடைக்காற்றும் தம் வேலையை முடித்துவிடுகின்றன என்பதைத் திருவொற்றியூர்க் கரையில் வாழும் எவரும் அறிவர்.

மீனவரின் நைலான் வலையும் இழை உதிர்க்குமே, அவர் எடுத்த மாதிரி எப்படித் தூயதாகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்; ஆயினும், கண்ணாடிக் குப்பியை அந்த நீராலேயே பலமுறை அலசி, படகின் காற்றெதிர்ப் பக்கத்தில் நின்று முகந்து, உடுத்தியிருந்த துணியின் நிறத்தையும் வலையின் நிறத்தையும் எழுதிவைக்கப் பழக்கினால் அக்குறையைப் பெரும்பாலும் நீக்கிவிடலாம்.

எனவே, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒவ்வொரு குப்பத்திலும் பயிற்சி பெற்ற சிலருக்குக் குப்பிகளும் அவர்தம் உழைப்புக்கு ஊதியமும் தரவேண்டும். பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் அவற்றைப் பரிசோதித்து முடிவுகளைத் தமிழில் வெளியிடவேண்டும். ஐயத்துக்குரிய மாதிரி கிடைத்தவுடன் வாரிய அதிகாரி குறித்த மணி நேரத்துக்குள் வந்து சட்டப்படி மறுமாதிரி எடுத்தே தீரவேண்டும் என்று அரசு ஆணையிடவேண்டும். கால்வாய்களில் தேங்கியவை வெள்ளத்தோடு கடலுக்குப் போகும் பருவம் ஐப்பசியில் தொடங்குவதால், முதல் குப்பிகள் அதற்கு முன்பே நிரப்பப்படவேண்டும்.