பெயரும் பொருளும்

காரணப்பெயரை விளக்கும்போது ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சியை மாணவர்க்கு எடுத்துக்காட்டுவது என் வழக்கம். 1995 இல் 'அவுட்டோர் லைஃப்' என்று அது தோன்றியது. வேட்டை, மீன்பிடி எனத் திறந்தவெளி வாழ்வையே காட்டியமையால் அப்பெயர் பொருந்திற்று. பிரான்சின் மிதிவண்டிப் பெரும்போட்டி அதற்குப் புகழ் தந்தது. 2005 இல் பனிக்கட்டி ஹொக்கியும் புகுந்தது. 2006 இல் 'வேர்சஸ்' என்றாயிற்று. 'எதிர்' என்பது அதன் பொருள், எதற்கு எதிரோ! 2012 இல் என்.பி.சி. விளையாட்டு அலைவரிசையாகி, 2021 டிசெம்பர் 31 உடன் மறைந்தது. இணையவழி ஒளிபரப்பே அதனை வீழ்த்தியது என்பர். மறுக்கவில்லை; ஆயின் காடும் நீரும் அதனைவிட்டு எப்போதோ போய்விட்டன.

இதனால் மன்னார்க் கரைக்கு ஆவதென்ன என்பீர். பூநாரைகள் வந்திறங்கும் எங்கள் வங்காலைச் சரணாலயம் 2010 இல் இராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனக் காற்றைப் பெயர் சொல்லி அழைக்கும் மீனவர் இன்றும் உளர். அவர்களுக்கு நம் தமிழ் அலைவரிசைகள் வாரத்தில் அரைமணி நேரமேனும் ஒதுக்கலாகாதா? தொலைக்காட்சியில் ஆபிரிக்கச் சிங்கத்தைக் கண்டு வளர்ந்த என் மாணவரிடம் கச்சான் யாதென வினவினேன். வறுத்த கடலை என்றனர்.