இல்லாத கிறிஸ்தவத்தோடு ஏன் மோத வேண்டும்?

"ஈஸா (அலை) சிலுவையில் எல்லாப் பாவத்தையும் சுமந்துவிட்டார், இனி மனிதன் என்ன செய்தாலும் கணக்கில்லை. இதுதான் கிறிஸ்தவம்!" நம் மேடைகளில் சில பேச்சாளர்கள் இப்படி முழங்குகின்றனர். அதைக் கேட்கும் நம் பிள்ளைகள் கல்லூரியில் கிறிஸ்தவ நண்பர்களிடம் அப்படியே ஒப்பிக்கின்றனர். சிலுவை மரணத்தை நாம் ஏற்பதில்லை. அதற்காக, எதிர்த்தரப்பார் சொல்லாததை அவர்கள் தலையில் கட்டுவது எந்த நீதியில் சேரும்?

மனிதச் செயலுக்குப் பொருளுண்டா என்று அவர்கள் தமக்குள் நடத்திய போர் சிறியதன்று. ஆதமின் பாவத்தால் மனிதச் சித்தம் முடமாகிவிட்டது, இறையருளின்றி அது நன்மையின் பக்கம் திரும்பாது என்றார் வட ஆப்பிரிக்காவின் ஆயர் அகுஸ்தீன். மனிதனால் நன்மையைத் தேர்ந்தெடுக்க முடியும் என்ற பெலாகியுஸின் போதனையை 418-இல் கார்த்தேஜ் சங்கம் கண்டித்தது. 1524-இல் எராஸ்மஸ் மீண்டும் கேட்டார்: தேர்ந்தெடுக்கும் ஆற்றல் இல்லாதவனுக்குக் கட்டளை எதற்கு, எச்சரிக்கை எதற்கு? (ஜபரிய்யாக்களை நோக்கி நம் முன்னோர் கேட்டதும் ஏறத்தாழ இதே கேள்விதான்.) மறு ஆண்டே மார்ட்டின் லூதர், மீட்பின் விஷயத்தில் மனிதச் சித்தம் அடிமைப்பட்டது என்று கடுமையாக மறுத்தார். அந்த லூதரும் நற்செயலைத் தள்ளிவிடவில்லை. உண்மையான விசுவாசம் இருந்தால் அது தானே பின்தொடரும் என்றார். கத்தோலிக்கரோ 1547-இல் திரெந்து சங்கத்தில், சித்தம் பலவீனமடைந்ததேயன்றி அழியவில்லை என்று தீர்மானித்தனர்.

மேடையில் நாம் கேலி செய்யும் அந்த மலிவான அருளை முதலில் சாடியவர்கள் நாமல்லர். லூதரின் வழிவந்த ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர், கீழ்ப்படிதல் இல்லாத அருளை மலிவான அருள் என்று 1937-இலேயே தம் நூலில் கண்டித்தார். எழுதியதோடு அவர் நிற்கவில்லை. ஹிட்லருக்கு எதிரான சதியில் பங்கேற்று, 1945 ஏப்ரல் 9 அன்று ஃபிளாசன்புர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். வரலாற்றில் மனிதச் செயலுக்கு மதிப்பில்லை என்று கருதியவரா அவர்?

நமக்கும் அவர்களுக்கும் உள்ள உண்மையான பிணக்கு வேறிடத்தில் இருக்கிறது. ஆதம் (அலை) தவ்பாச் செய்தார், அல்லாஹ் மன்னித்தான், ஒருவர் சுமையை மற்றவர் சுமப்பதில்லை என்பது நம் ஈமான். பிறக்கும் குழந்தை பழுதுபட்ட இயல்போடு பிறக்கிறது என்பது அகுஸ்தீன் வழி வந்தோரின் கொள்கை. கிழக்குத் திருச்சபைகள்கூட அவர் சொன்னவாறே அதை ஏற்கவில்லை. வாதிட விரும்பும் சகோதரர்கள் இந்த இடத்தில் வந்து நிற்கட்டும். நாம் 'இன்ஷா அல்லாஹ்' என்று சொல்லிக் கைகட்டி இருப்பவர்கள் என்று யாரேனும் கேலி பேசினால் நமக்கு எப்படி நோகும்? கொள்ளைநோய் கண்ட ஷாம் நாட்டுக்குள் நுழையாமல் உமர் (ரலி) படையோடு திரும்பிய வரலாற்றை அப்போது உடனே எடுத்துக் காட்டுகிறோம் அல்லவா?