கடல்கோள்: கதையாகக் காத்ததைப் பாடமாகவும் காப்போம்

கடல்கோள் என்னும் சொல் தமிழுக்குப் பழையது. முச்சங்கங்களின் வரலாற்றைக் கூறும் இறையனார் களவியல் உரை, கடலால் கொள்ளப்பட்ட பழைய மதுரையைப் பற்றியும் கபாடபுரத்தைப் பற்றியும் பேசுகின்றது. அக்கதையின் வரலாற்று உண்மையை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயின், ஒன்று நோக்கத்தக்கது. கடல் ஊரைக் கொண்டுபோகும் என்று சொல்லிவைத்த எமது மரபு, அது வருமுன் தோன்றும் அடையாளங்கள் எவை, தோன்றினால் எங்கே ஓட வேண்டும் என்பனவற்றைச் சொல்லிவைக்கவில்லை. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி காலையில் இலங்கைக் கரையில் மாத்திரம் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டபோதுதான் அக்குறை எத்துணைப் பெரியது என்பதை உணர்ந்தோம்.

சுனாமி என்பது துறைமுக அலை எனப் பொருள்படும் யப்பானியச் சொல். ஆழ்கடலில் மீன்பிடித்தோர் அலையை உணராது கரை திரும்பி, துறைமுகம் அழிந்து கிடக்கக் கண்டமையால் இப்பெயர் வந்தது என்பர். காற்றினால் எழும் சாதாரண அலை கடலின் மேற்பரப்பை மட்டுமே அசைக்கின்றது. சுனாமியோ கடலின் அடித்தளம் முதல் மேற்பரப்பு வரை உள்ள நீர் முழுவதையும் நகர்த்துகின்றது. இவ்வேறுபாட்டை அறியாதவர், அதனை உயர்ந்த அலை ஒன்று என்றே எண்ணிவிடுகின்றனர். அது கரைமீது ஏறி நெடுநேரம் உள்ளே பாய்ந்துகொண்டிருக்கும் வெள்ளம்.

சுமாத்திராவின் மேற்குக் கரைக்கு அப்பால் இந்தியப் புவித்தகடு, பர்மாத் தகட்டின் கீழ் ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் வீதம் அமிழ்ந்து செல்கின்றது. இரண்டும் ஒன்றோடொன்று இறுகிக் கொண்டால், மேலுள்ள தகடு வளைந்த வில்லைப்போலத் திரிபடைகின்றது. நூற்றாண்டுகளாகச் சேர்ந்த அத்திரிபு அன்று காலை ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரே தொடராக விடுபட்டது. புவிநடுக்கத்தின் அளவு 9.1. கடலடித்தளம் பல மீற்றர் உயர்ந்து, தன்மேல் இருந்த நீரையும் உயர்த்தியது. அந்நீர் சமநிலையை நாடி இருபுறமும் பரவியதே நாம் கண்ட பேரலை. கடலடி நிலச்சரிவும் எரிமலை வெடிப்பும் இவ்வாறே நீரை இடம்பெயர்க்க வல்லன.

இவ்வலையின் வேகத்தை நிர்ணயிப்பது கடலின் ஆழம். 4,000 மீற்றர் ஆழமான கடலில் அது மணிக்கு 700 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் செல்லும். அங்கே அதன் உயரமோ மிகச் சிறிது. அன்று விண்ணிலிருந்து அளந்த ஜேசன்-1 செய்மதி, நடுக்கடலில் கண்ட உயரம் ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் மட்டுமே. கரையை அண்மித்து ஆழம் 10 மீற்றராகக் குறையும்போது வேகம் மணிக்கு 36 கிலோமீற்றர் அளவாகின்றது. முன்னே செல்லும் நீர் தாமதிக்க, பின்னே வரும் நீர் அதன்மேல் நெருக்கி உயர்கின்றது.

கடல் உள்வாங்கினால் அலை வரும் என்ற செய்தியை இன்று பலரும் அறிவர். அது உண்மை, ஆயின் முழு உண்மையன்று. அன்று கிழக்கே தாய்லாந்தை நோக்கிச் சென்ற அலையின் முகப்பில் பள்ளம் இருந்தது. ஆதலால் அங்கே கடல் முதலில் உள்வாங்கியது. மேற்கே இலங்கையை நோக்கி வந்ததன் முகப்பில் மேடு இருந்தது. ஆதலால் எமது கரையில் நீர் முதலில் ஏறியது. அதன் பின்னரே பல இடங்களில் கடல் வெகுதூரம் உள்வாங்கியது. அதனைப் பார்க்கச் சென்றோரை அடுத்து வந்த பேரலை கொண்டது. தென்னிலங்கையின் பெரலியவில் முதல் அலையில் சிக்கி நின்ற புகையிரதத்தைப் பாதுகாப்பான இடமெனக் கருதி ஊரவரும் அதில் ஏறினர். இரண்டாவது அலை பெட்டிகளைப் புரட்டியது. அங்கே மாண்டோர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். முதல் அலையோடு யாவும் முடிந்தது என்ற எண்ணமே அவர்களுக்கு யமனாயிற்று.

புவி நடுங்கியதற்கும் எமது கரையை அலை தொட்டதற்கும் இடையே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருந்தது. 1949 முதல் ஹவாயில் இயங்கிவந்த பசுபிக் எச்சரிக்கை நிலையம் நடுக்கத்தைப் பதிவுசெய்திருந்தது. ஆயினும் இந்து சமுத்திர நாடுகளின் கரைவாழ் மக்களுக்கு அதனை எட்டச்செய்யும் ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. 2011 முதல் இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகள் இச்சமுத்திரத்துக்கான எச்சரிக்கைப் பணியை ஏற்றுள்ளன. இது பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் கருவிகள் மட்டும் போதுமா?

1960 மே 22இல் சிலி நாட்டில் 9.5 அளவான புவிநடுக்கம் நிகழ்ந்தது. கருவிகளால் அளக்கப்பட்டவற்றுள் இதுவே மிகப் பெரியது. அதன் அலை ஹவாயின் ஹிலோ நகரை அடையப் பதினைந்து மணி நேரம் எடுத்தது. அபாயச் சங்கு பல மணி நேரம் முன்னதாகவே ஒலித்தது. எனினும் சங்கொலியைக் கேட்ட பலர் வீட்டிலேயே தங்கினர். சிலர் அலையை வேடிக்கை பார்க்கச் சென்றனர். மாண்டோர் 61 பேர். கருவியும் சங்கும் தம் கடமையைச் செய்தன. அவ்வொலியின் பொருளே மக்களைச் சென்றடையவில்லை.

இதற்கு மாறானது சிமேலுவே தீவின் கதை. சுமாத்திராவுக்கு அருகே, 2004 நடுக்கத்தின் மையத்துக்கு மிக அண்மையில் உள்ள தீவு அது. பத்து நிமிடமளவில் அலை அதன் வடகரையை அடைந்தது. அங்கே சங்குமில்லை, கருவியுமில்லை. 1907இல் கடலுக்குப் பெருந்தொகையானோரை இழந்த அம்மக்கள், அவ்வனுபவத்துக்கு ‘ஸ்மோங்’ எனப் பெயரிட்டுப் பாட்டிலும் கதையிலும் பேரப்பிள்ளைகளுக்குக் கற்பித்து வந்தனர். நிலம் கடுமையாக நடுங்கினால், கடல் உள்வாங்கினால், மலைக்கு ஓடு என்பதே அதன் சாரம். ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் அன்று மாண்டோர் எழுவர் மட்டுமே. நாமும் கடல்கோளைக் கதையாகக் காத்தோம். அவர்கள் அதனைக் கட்டளையாகவும் காத்தனர்.

இதனை எழுதும் நான் பிறரைக் குறைகூறும் தகுதி உடையவனல்லன். 2003இல் இளம் விரிவுரையாளனாகப் புவியியல் கற்பித்தபோது, கரும்பலகையில் பசுபிக் சமுத்திரத்தைச் சுற்றி வளையம் வரைந்து சுனாமியை விளக்கினேன். கரையோர ஊரொன்றிலிருந்து வந்த மாணவி ஒருவர், எங்கள் கடலிலும் இது வருமா எனக் கேட்டார். அரிது என்றேன். 1883இல் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தபோது இலங்கைக் கரையிலும் கடல் ஏறி இறங்கியதை நான் வாசித்திருந்தேன், அதைச் சொல்லவில்லை. அரிது என்பது பிழையான விடையன்று. ஆனால் அரிதாக வருவது வந்தால் என்ன செய்வது என்பதையும் அன்றே சொல்லியிருக்க வேண்டும். மணி அடித்தது, வகுப்பு முடிந்தது. மறு ஆண்டு மார்கழியில் அந்தச் சொல் என்னிடம் திரும்பி வந்தது. இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

புலம்பெயர்ந்து வாழும் எமது பிள்ளைகள் விடுமுறை நாள்களில் ஊர் சென்று அதே கரைகளில் குளிக்கின்றனர். அவர்களுள் 2004க்குப் பின் பிறந்தோரே மிகுதி. அவர்களுக்கு அது பெற்றோர் மெழுகுதிரி ஏற்றும் ஒரு நாள். நினைவுகூர்தல் எமது கடமை. அதை யாரும் மறுக்கவில்லை. அந்நாளில் சுடர் ஏற்றும் ஒவ்வொரு மண்டபத்திலும், ஒவ்வொரு தமிழ்ப் பாடசாலையிலும் மூன்று வசனங்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போமாக. கரையில் நிற்கும்போது நிலம் நீண்ட நேரம் நடுங்கினாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக ஏறினாலோ உள்வாங்கினாலோ, யாருடைய அறிவித்தலுக்கும் காத்திராமல் மேட்டுநிலத்துக்கு ஓடு. பொருள் எடுக்கவோ, வேடிக்கை பார்க்கவோ நில்லாதே. முதல் அலை வடிந்தாலும் பல மணி நேரம் திரும்பாதே.

இம்மூன்று வசனங்களும் அன்று எமது கரையில் தெரிந்திருந்தால், நாம் இன்று ஏற்றும் சுடர்களுள் பல ஏற்ற வேண்டியிருந்திரா.