பேய் பிடிக்கப் போகும் தம்பிகளுக்கு

ராத்திரி பன்னிரண்டு மணிக்கு கேமராவும் டார்ச்சுமாகச் சுடுகாட்டுக்குப் போய் வீடியோ போடும் தம்பிகள் பெருகிவிட்டார்கள். பேய் உண்டா இல்லையா என்று உங்களோடு மல்லுக்கட்ட நான் வரவில்லை. ஆய்வு என்று சொல்லிக்கொள்கிறீர்கள் இல்லையா, அதை ஆய்வாகவே செய்யுங்கள்.

கையில் வைத்திருக்கும் மீட்டரில் விளக்கு மினுக்கினால் ஆவி வந்துவிட்டது என்கிறீர்கள். அது காட்டுவது மின்காந்தப் புலத்தை. சட்டைப்பையில் கிடக்கும் செல்போனுக்கே மினுக்கும். போனை அணைத்துவிட்டுப் போங்கள். பகலில் ஒருமுறை போய் கரண்ட் கம்பி எங்கே போகிறது, பம்புசெட் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அளந்து, நோட்டில் எழுதுங்கள். பகல் கணக்கு இல்லாத இரவுக் கணக்குக்கு மதிப்பில்லை. படத்தில் மிதக்கும் வெள்ளை உருண்டை பெரும்பாலும் வெளிச்சம் பட்ட தூசி, இல்லாவிட்டால் பூச்சி. இங்கிலாந்தில் விக் டேண்டி என்ற பொறியாளருக்கு வேலையிடத்தில் ஓரக்கண்ணில் சாம்பல் உருவம் தெரிந்தது. அவர் மந்திரவாதியைத் தேடவில்லை. மின்விசிறி ஒன்று எழுப்பிய, காதுக்குக் கேட்காத 19 ஹெர்ட்ஸ் அதிர்வுதான் காரணம் என்று 1998-இல் கட்டுரை எழுதினார். எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது. ஆனால் தேடினார் பாருங்கள், அதுதான் வேலை.

இனி என் கேள்வி. எந்தச் சுடுகாட்டுக்குப் போகிறீர்கள்? மதிலும் கேட்டும் விளக்கும் உள்ள ஊர்ச் சுடுகாட்டுக்கா? ஓடைக்கரையில் புதர் மண்டிக் கிடக்கும் சேரிச் சுடுகாடுதான் உங்கள் கேமராவுக்குத் திகிலாகத் தெரிகிறது. அங்கே விளக்கில்லாதது பேயின் வேலையில்லை, பஞ்சாயத்தின் வேலை. 2019-இல் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், போக வழி விடாததால் எங்கள் மக்கள் பிணத்தைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். திகில் வேண்டுமென்றால் அந்தக் காட்சியைப் பாருங்கள்.

குடும்பத்தாரிடம் கேட்காமல் யாருடைய சமாதி மேலும் காலை வைக்காதீர்கள். மனம் புண்படும் என்று தெரிந்தே அடக்க இடத்தில் அத்துமீறினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 301-ஆவது பிரிவு இருக்கிறது. அங்கே வேலை செய்பவரை 'வெட்டியான்' என்று கூப்பிட்டு மைக்கை நீட்டாதீர்கள். அண்ணன் என்று கூப்பிடுங்கள், அவர் பேச விரும்பினால் பேசட்டும். சேரியில் இருக்கும் ஒரு கிழவியைக் காட்டி 'இவள்தான் சூனியம் வைத்தாள்' என்று எவனாவது சொன்னால், அதை ஒளிபரப்பவே கூடாது. சூனியக்காரி என்று பழி போட்டுத் தலித்தை, பழங்குடியினரை உடலாலோ மனதாலோ வதைப்பது வன்கொடுமை. 2015 திருத்தம் அதைத் தெளிவாகவே சொல்கிறது.

கடைசியாக, தண்டவாளம், கிணறு, புளியமரம். 'காதல் தோல்வியில் செத்த பையன் இங்கே உலாவுகிறான்' என்று ஊரில் சொன்னதும் நம்பிவிடுகிறீர்கள். 2015-இல் பள்ளிப்பாளையம் அருகே தண்டவாளத்தில் கிடந்த கோகுல்ராஜின் மரணத்தையும் தற்கொலை போலத்தான் காட்டப் பார்த்தார்கள். 2022-இல் மதுரை சிறப்பு நீதிமன்றம் அது கொலை என்று சொல்லி 10 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. அதனால் அடுத்த முறை அப்படி ஒரு கதை கேட்டால் மீட்டரை எடுக்காதீர்கள். செத்தவர் என்ன சாதி, யாரைக் காதலித்தார், முதல் தகவல் அறிக்கை போட்டார்களா, பிரேதப் பரிசோதனை அறிக்கையில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பதில் சொல்ல ஆவி தேவையில்லை, அவருடைய அம்மா இருப்பார்.